பூஞ்சையின் போர்வை

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், என் மனைவியின் ரத்தத்தில் பூஞ்சை வளர்வதைக் கண்டுபிடித்தவர் அந்த லேப் டாக்டரம்மா. நரைத்த கொண்டை. பேசும்போதும் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்.

"உடம்பு ஏன் டாக்டர் அதை விரட்டல?" என்று கேட்டேன்.

"அதோட மேல்பக்கம் சில புரோட்டீன் உண்டு சாரே. அதுங்க நம்ம ரத்தத்துப் புரோட்டீனைப் பிடிச்சுப் போர்த்திக்கும். நம்ம ஆளுதான்னு உடம்பு விட்டுடும், கேட்டோ."

"மருந்து?"

"கொடுக்கறோமே. நோக்கலாம்."

பிறகு நாற்காலியை நகர்த்தி, "பாக்கணுமா?" என்றார்.

பார்த்தேன். ஊதா நிறத்தில், மொட்டு விட்ட சின்னஞ்சிறு மணிகள். அழகாக இருந்தன. மாடியில் படுத்திருந்தவளிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

அவள் பிழைக்கவில்லை. அந்த அம்மா எனக்கு ஏன் அதைக் காட்டினார் என்று இன்னும் யோசிக்கிறேன். அவர்மேல் கோபம் மட்டும் வரவில்லை.