தம்பி வீட்டுச் சம்பந்தம்

என் மகள் ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். போன வருடம் காலை வேளைகளில் முதுகு இறுகிப்போய்ப் படுக்கையை விட்டு எழ முடியாமல் தவித்தாள். நடந்தால் தேவலை, படுத்தால் மோசம். கம்பெனி பஸ்ஸின் குலுக்கல் என்றே வீட்டில் நினைத்தோம். பெங்களூர் டாக்டர்தான் அது முதுகெலும்பு மூட்டுகளில் வரும் அழற்சி வாதம், கவனிக்காமல் விட்டால் முதுகு வளைந்து கழுத்து வரை இறுகிவிடும் என்றார். அந்த நோயோடு சேர்த்துச் சொல்லப்படும் பி27 என்ற மரபணு வகையும் அவள் ரத்தத்தில் இருந்தது. பயத்தில் நாங்களும் சோதித்துக்கொண்டோம். கணவருக்கு இல்லை. எனக்கு இருந்தது.

"இது இருக்கறவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு மேல நோய் வர்றதே இல்லம்மா" என்றார் டாக்டர். என்னிடம் சும்மா கிடந்தது அவளிடம் மட்டும் ஏன் விழித்துக்கொண்டது?

அவளைத் தம்பி மகனுக்கு என்று பிறந்தபோதே பேசிவைத்திருந்தோம். எங்கள் பக்கம் அத்தை மகள் இருக்க வெளியில் பெண் தேடுவதில்லை. ஆவணியில் பாக்கு வெற்றிலை மாற்றுவதாக இருந்தது. எனக்கிருப்பது தம்பிக்கும், அவன் மகனுக்கும் இருந்துவிட்டால்? பிறக்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேருமே.

"மாமாகிட்ட நீயே சொல்லிடும்மா. மறைச்சுக் கட்டி வெச்சா நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள் மகள்.

காவேரிப்பட்டினம் போனேன். தம்பி கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இதுக்கா பஸ் ஏறி வந்த? நம்ம அப்பாவுக்குந்தான் முதுகு வளைஞ்சிருந்துச்சு. மண்டியில மூட்டை தூக்குனா நிமிருமாக்கா?"

"அவர்கூட தூக்குனவங்க யாரும் அப்படி வளையலயேடா."

"வுடுக்கா, டீ குடி" என்று சமையலறைப் பக்கம் திரும்பினான். தலை திரும்பவில்லை. நாற்காலியில் உடம்பு மொத்தமும் திரும்பியது. பல வருடமாக அப்படித்தான். மிடுக்கு என்று நாங்கள் கேலி செய்வோம்.

"டேய், தலைய மட்டும் திருப்பு."

முயன்றான். முடியவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"பையனும் காலைல செவுத்தப் புடிச்சிக்கினுதான் எந்திரிக்கிறான்" என்றான், உள்ளே இருந்த மனைவிக்குக் கேட்காதபடி. "நைட் ஷிஃப்ட்டால வர்றதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்க்கா."

பாக்கு வெற்றிலையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் பையனை டாக்டரிடம் காட்டுவது என்று பேசி முடித்தோம்.

மகளுக்குப் போன் செய்து, பையன் சுவரைப் பிடித்து எழுவதைச் சொன்னேன். கல்யாணம் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை.

"அவருக்கு ரொம்ப வலிக்குதாம்மா?" என்றாள்.