ராகு காலம் கழிந்து வந்த பாட்டில்

விலங்கியல் படித்த பெண்ணுக்கு வேலை என்றால் பள்ளிக்கூடம்தான் என்று அரியக்குடியில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். நான் காரைக்குடியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் சோதனை அறையில் சேர்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. என்ன வேலை என்று கேட்டவர்களிடம் "ரத்தம், மூத்திரம் பாக்குறது" என்பேன். அதற்கே மூக்கைச் சுளித்தவர்களிடம் மீதியை எதற்குச் சொல்ல வேண்டும்?

பிள்ளை இல்லை என்று வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்க எங்கள் டாக்டரம்மாவுக்கு ஆசை. அதற்கு ஆண்களின் விந்தைச் சோதித்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னை மதுரைக்கு அனுப்பிப் பழகி வரச் சொன்னார். கருவியல் எனக்குப் புதிதில்லை. கல்லூரியில் அடைமுட்டையை உடைத்துக் குஞ்சின் இதயம் துடிப்பதைப் பார்த்தவள் நான். ஆனால் இது வேறு வித்தை. ரத்த அணுக்கள் சும்மா கிடக்கும், எண்ணிவிடலாம். இவை ஓடும். ஒரு கட்டத்தை எண்ணி முடிப்பதற்குள் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். முதலில் தலைவலிதான் மிச்சம். ஓட்டத்தை முதலில் பார்த்துக்கொண்டு, பிறகு மருந்து கலந்து அடக்கிவிட்டுத்தான் எண்ண வேண்டும் என்பது பழகப் பழகக் கைக்கு வந்தது. குளிர்ந்தால் அவை சுணங்கிவிடும் என்பதால் கண்ணாடித் தகட்டை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன். வெட்கம் சீக்கிரமே போய்விட்டது. அதற்கெல்லாம் நேரம் இல்லை.

நெற்குப்பையிலிருந்து ஓர் ஆச்சி மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மருமகளுக்குக் கருக்குழாய் இரண்டும் அடைத்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. அந்தக் காலத்தில் அதற்கு எங்களால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. டாக்டரம்மா அதைப் புருஷன் பெண்டாட்டி இருவரிடம் மட்டும் சொன்னார். ஆச்சிக்குத் தெரிந்தால் மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்ப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. "பூக்காத மரத்துக்கு எத்தன நாளைக்குத் தண்ணி ஊத்துறது?" என்று மருமகள் காதுபடவே பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர் அவர். மகனையும் சோதிக்காமல் முடிவு சொல்ல மாட்டேன் என்று டாக்டரம்மா அவரிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

மகனின் விந்து இருந்த பாட்டிலை நெற்குப்பையிலிருந்து ஆச்சியே கொண்டுவந்தார். தகட்டில் ஒன்றுகூட அசையவில்லை. சூடு ஆறுவதற்குள் கொண்டுவர வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"ஒண்ணுமே அசையலையே ஆச்சி, ஏன் இவ்வளவு தாமதம்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"கெளம்புற நேரம் ராகு காலமாப் போச்சு டாக்டரம்மா. நல்ல காரியமாச்சே, கழியட்டும்னு இருந்தோம். அதுவரைக்கும் கெட்டுப் போயிராம ஈரத்துணி சுத்தித் தண்ணிப் பானை மேல வச்சிருந்தேன்" என்றார் ஆச்சி, பெருமையாக.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது செல்லாது, இன்னொரு முறை பார்ப்போம் என்றார். அசையவில்லை என்பது மட்டும்தான் ஆச்சி காதில் விழுந்திருக்க வேண்டும். போகும்போது கொண்டுவந்த பையைப் பெஞ்சிலேயே மறந்துவிட்டார்.

அடுத்த முறை மூவரும் காரைக்குடியில் உறவினர் வீட்டில் வந்து தங்கினார்கள். மருமகள் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக நடந்து வந்தாள். தகட்டை வைத்துப் பார்த்தேன். தேரோட்டத்துக் கூட்டம்.

"நானும் பாக்கலாமாக்கா?"

நகர்ந்து இடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தன இருக்கா? ஒண்ணுக்குக்கூட எங்கிட்ட வழியில்லாமப் போச்சே" என்றாள். அழவில்லை. "இனி என்னைய எங்க ஆத்தா வீட்டுக்கு அனுப்பிருவாக."

கண்டதைச் சீட்டில் எழுதி டாக்டரம்மாவிடம் கொடுத்தேன்.

பின்னாலேயே ஆச்சியோடு வந்து சேர்ந்த அவள் கணவரைத் தனியே கூப்பிட்டு, உங்களிடம் குறையில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அவர் அதிகம் பேசாத மனிதர். நேராக ஆச்சி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போனார். டாக்டரம்மாவும் மருமகளும் நானும் சோதனை அறை வாசலில் நின்றோம்.

"ஆத்தா, அன்னைக்கும் அசையல, இன்னைக்கும் அசையல. கொறை எங்கிட்டத்தான். நம்ம கோயில் பங்காளி வீட்டுல ஒரு பிள்ளையக் கூட்டிக்கிருவோம்."

தத்தெடுப்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நகரத்தாரில் ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள்; இவர்களைப் போன்ற இளையாத்தங்குடிக் கோயில்காரர்கள் அந்தக் கோயில் பங்காளி வீட்டுப் பிள்ளையைத்தான் கூட்டுவார்கள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கண்டதைக் கண்டபடி சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

மருமகள் அப்போதுதான் உடைந்து அழுதாள். ஆச்சி தட்டுத்தடுமாறி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படிக் கெஞ்சி அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"அவன விட்டுட்டுப் போயிராதத்தா."