முப்பத்தொன்று

அரை அங்குலம் பிசகினாலும் தைத்ததைப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கிற ஆள் என்பதால், அந்தத் தையற்காரருக்குத் தெருவில் 'அரையங்குலம்' என்றே பெயர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் அலுவலகம் மார்பளவு பார்க்க அவரைத்தான் கூப்பிட்டது. முப்பத்திரண்டு அங்குலம் இருந்தால் உள்ளே, குறைந்தால் வீட்டுக்கு. அவர் எழுதும் எண்தான் உடுப்புக்கும் அளவு.

சண்டை நடப்பதோ கடல் தாண்டி. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே இங்கே நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அங்கே நமக்கென்ன வேலை என்று ஒருநாள் அதிகாரியிடமே கேட்டுவிட்டார்.

"அங்க அந்தக் கொள்கைக்காரன் ஜெயிச்சா, அடுத்து பக்கத்து நாடு விழும். அப்புறம் அதுக்குப் பக்கத்து நாடு. கடைசில நம்ம வாசல்ல வந்து நிப்பான்."

"வாசலுக்கு வந்தப்புறம் பாத்துக்கக் கூடாதாய்யா?"

"இவ்வளவு பெரிய நாடு சும்மா இருந்தா உலகம் என்ன நினைக்கும்? அந்த ஜனங்க பாவமில்லையா?"

ஆடு நனையுதுன்னு ஓநாய் அழுத கதைதான். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு அடுத்தவனை அளந்தார்.

மறுவாரம் வரிசையில் நின்றது அவருடைய ஒரே மகன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாவிப்பயல்!

"என்னடா இது?"

"அந்த ஜனங்களுக்கு நம்மள விட்டா யாருப்பா இருக்கா?"

அவன் மார்பு முப்பத்துநான்கு. சட்டை தைத்துப் போட்டவருக்குத் தெரியாதா? நாடாவை இறுக்கிப் பிடித்து 'முப்பத்தொன்று' என்று எழுதினார். முப்பது வருஷத் தொழிலில் முதல் பொய். மகனுக்குப் புரிந்தது. முறைத்தான், ஆனால் அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

அதிகாரி தாளைப் பார்த்தார். "முப்பத்தொண்ணா? பரவால்ல. ஆள் பத்தலையாம். இன்னைக்குக் காலைலேருந்து முப்பதே போதும்னு உத்தரவு."

முத்திரை விழுந்தது. அப்போதாவது எண்ணைத் திருத்தியிருக்கலாம். பொய் வெளிப்பட்டுவிடுமே என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. "அப்பா, உடுப்பு மூச்சைப் பிடிக்குது. மாத்திக் கேட்டா, பேப்பர்ல முப்பத்தொண்ணுதானே இருக்குங்கிறாங்க. நீங்க எழுதினதாச்சே, நான் ஒண்ணும் சொல்லல. ஓடும்போது மட்டும்தான் கஷ்டமா இருக்கு."

அன்றே உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல், முப்பத்துநான்கில் ஓர் உடுப்பு தைத்து அனுப்பினார்.

பொட்டலம் கட்டிய நூல்கூட அவிழாமல் அது திரும்பி வந்தது. கூடவே அரசாங்கத்தின் கடிதம்: நம் கொள்கையைக் காக்க உங்கள் மகன் வீரமரணம் அடைந்தார்.

பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி எழுந்து நின்று, நாடே அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது என்று என்னென்னவோ சொன்னார். அதில் ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்யா. என் புள்ளையால ஓட முடிஞ்சுதா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க."