சாயங்காலத்து நோய்

திரைச்சீலையின் மடிப்பை இடதுகையால் இழுத்துப் பிடித்து, வலதுகையால் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தாள் அவள். மாலையானால் அவளுடைய இமைகள் கடை ஷட்டர் போலத் தாமாகவே இறங்கும். முகவாயைத் தூக்கிக்கொண்டு, கண்ணில் மிச்சமிருக்கும் சந்து வழியாகப் பார்த்துத் தைப்பாள்.

"தூக்கக்காரி ஆரம்பிச்சுட்டா," என்றாள் துணி வெட்டுகிறவள். "ராத்திரியெல்லாம் என்னடி பண்ற?"

"கோட்டை கட்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். விளக்கிச் சொல்வதைவிட அந்தப் பட்டப்பெயரே அவளுக்குச் சுலபமாக இருந்தது.

தையல் கம்பெனி ஊர் மாறியபோது கூடவே வந்தவள். பிள்ளைகுட்டி இல்லை, கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. பழைய ஊரில் அவள் விட்டுவந்த ஒரே சொத்து, ஒரு டாக்டர். கண் கோளாறு, மனக் கோளாறு என்று பலரும் அலையவிட்ட பிறகு, நரம்பு சொல்வதைத் தசை சரியாக வாங்கிக்கொள்ளாத அபூர்வ நோய் இது என்று கண்டுபிடித்தவர். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார்.

புது ஊர் டாக்டர் நல்ல மனுஷர்தான். ஃபைலைப் பொறுமையாகப் படித்தார். மேலே பார்க்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார். எல்லாம் ஒழுங்காக நடந்தது.

"உங்களுக்கு இப்ப ஒண்ணும் தெரியலையேம்மா. அடுத்த தடவை வாங்க, மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம்."

அவளுக்கு மாத்திரை இல்லாத காலத்தில் குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தது மறக்கவில்லை. இந்த ஒற்றை அறையில் அப்படி ஆனால், என்னவென்று எட்டிப் பார்க்க யாருமில்லை.

சாப்பாட்டை நன்றாக மசித்து, முகவாயைக் கையால் தாங்கிக்கொண்டு மென்று முடித்தவள், பழைய டாக்டரிடம் வேலை பார்த்த நர்ஸக்காவுக்குப் போன் போட்டாள்.

"மூக்கால பேசுறியே. பொழுது சாஞ்சிடுச்சா அங்க?" என்றாள் நர்ஸக்கா. விஷயத்தைக் கேட்டதும், "டாக்டரைப் பார்க்க எப்பப் போன?" என்றாள்.

"காலையில. லீவு போட்டுட்டு, நல்லாத் தூங்கி எழுந்து, மாத்திரை போட்டு, குளிச்சு, இருக்கிறதுலயே நல்ல துணியா உடுத்திக்கிட்டு."

"ஏன், உன்னைப் பொண்ணு பார்க்கவா கூப்பிட்டாங்க? அந்த நோய் காலையில ஒளிஞ்சுக்கும்னு உனக்குத் தெரியாதா? நரம்பு டாக்டராப் பாரு. வேலை முடிஞ்சு, கண்ணு சொருகின மேனிக்கே போய் நில்லு. இந்த நோய்க்காரங்களைப் பார்த்திருக்கீங்களான்னு முதல்ல கேளு. இல்லன்னா, யாரு பார்ப்பாங்கன்னு கேளு. அதுவரைக்கும் மாத்திரையைக் கைவிடாத."

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நரம்பு டாக்டரிடம் மாலையில் கடைசி ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

"காலையிலயே காலியா இருக்கேம்மா," என்றது கவுண்டர்ப் பெண்ணின் குரல்.

"எனக்குச் சாயங்காலம்தான் உடம்பு சரியில்லாம போகும்."

குறித்த நாளில் பகல் முழுக்கத் தைத்துவிட்டு, அப்படியே போனாள். நாற்காலிகளில் எல்லோரும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள்.

"கூட வந்தவங்க எங்கம்மா?" என்றார் வாசலில் நின்ற ஊழியர்.

"நோயாளியும் நான்தான், கூட வந்தவளும் நான்தான்."

நரம்பு டாக்டர் சின்ன வயதுப் பெண். இந்த நோய்க்காரங்களைப் பார்த்திருக்கீங்களா என்று கேட்டதற்குக் கோபப்படவில்லை. "பார்த்திருக்கேன். இப்பவும் சிலர் என்கிட்ட வர்றாங்க. கொஞ்சம் மேலயே பாருங்க," என்றாள். பார்க்கப் பார்க்க இரண்டு இமைகளும் வழுக்கி இறங்கின.

"மாத்திரையை நிறுத்த வேண்டாம். விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானா காத்திருக்கக் கூடாது, உடனே இங்க வந்துடணும். கூட்டிட்டு வர யார் இருக்காங்க?"

ஆஸ்பத்திரி நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் காலை, இமைகள் திறந்திருக்கும்போதே, துணி வெட்டுகிறவளின் மேஜை முன் போய் நின்று நோயைப் பற்றிச் சொல்லி, மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டாள். கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது.

"அப்ப இத்தனை நாளா நீ தூங்கலியா?"

"தூங்கினா சம்பளம் யார் தருவா?"

"சொல்லித் தொலைச்சிருக்கலாமில்லடி." போனை எடுத்தாள் அவள். "சொல்லு, ஆஸ்பத்திரி நம்பரா, உன் நம்பரா?"

"ரெண்டையும் போட்டுக்க."

போட்டுக்கொண்டாள். பிறகு தைக்க வேண்டிய துணிக்கட்டைப் பிரித்து, மடிப்பு வேலை உள்ளதை எல்லாம் முன்னால் தள்ளினாள். "கண்ணுக்கு வேலை வைக்கிறதைக் காலையிலயே முடி. சாயங்காலத்துக்கு நேர்த்தையல் எடுத்து வைக்கிறேன்."

துணிக்கட்டின் மேலே இருந்ததை எடுத்துக்கொண்டு தையல்காரி தன் இடத்துக்குப் போனாள்.