பிலோமினா டீச்சர் நடத்திவைத்த கல்யாணங்கள்

செய்தி வந்தபோது நான் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு வெளியே கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். போன் சிணுங்கியது. எங்கள் பள்ளியின் பழைய ஆசிரியைகள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள், பிலோமினா டீச்சரின் மறைவால் அதிர்ச்சி அடைந்தோம் என்று. 'ஷாக்ட்' என்ற சொல்லுக்குப் பின் 'அட்' வர வேண்டிய இடத்தில் 'ஃபார்' போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தவுடன் என் புத்தி போன போக்கைக் கேளுங்கள். "அடக் கர்மமே, இதைப் பிலோகிட்ட சொல்லியே ஆகணும்" என்று அவளுடைய நம்பரையே அழுத்திவிட்டேன். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் போனது யார் என்று உறைத்தது. எடுத்தது அவளுடைய அண்ணன் மகன் அருள். "அத்தை போயிட்டாங்க ஆன்ட்டி. காலையில ஜெபம் சொல்ல உட்கார்ந்தவங்க எழுந்திருக்கவே இல்ல" என்றான். கீரையை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவளிடம் படித்தவர்களுக்கும், எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்குக் கை வரவில்லை. எனக்கு அவள் பிலோ, அவளுக்கு நான் வைதேகி. அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலச் செயப்பாட்டு வினை நடத்திக்கொண்டிருந்தேன். வினைச்சொல்லை மாற்று, பின்னால் 'பை' போடு, வேலை முடிந்தது என்று சொல்லிக்கொடுத்தேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 'ஹீ இஸ் நோன் பை மீ' என்று வகுப்பே கோரஸ் பாடியது. பக்கத்து வகுப்பிலிருந்து அவள் கேட்டிருக்கிறாள். இடைவேளையில் டீ டம்ளரோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "ஏங்க டீச்சர், நீங்க சாம்பார், ரசம், பாயசம் எல்லாத்துக்கும் பெருங்காயமா போடுவீங்க?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது. 'நோன்' என்றால் 'டு' என்று அன்று பொறுமையாகச் சொன்னாள். "பை போட்டா யாரு செஞ்சாங்கன்னு தெரியும். மத்ததைப் போட்டா மனசுக்குள்ள என்ன ஆச்சுன்னு தெரியும்." இலக்கணப் புத்தகம் எதிலும் இப்படி இருக்காது. ஆனால் அதற்குப் பிறகு நான் அந்தப் பாடத்தில் தடுமாறியதில்லை.

அவள் வகுப்பில் நடந்த கல்யாணங்களை அவளுடைய மாணவிகள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பக்கத்துப் பெண்களின் முதுகில் வினைச்சொற்களை எழுதிய தாள், மறுபக்கத்துப் பெண்களின் முதுகில் 'இன்', 'அட்', 'வித்', 'டு'. இவர்கள் பெண் வீடு, அவர்கள் மாப்பிள்ளை வீடு. 'இன்ட்ரஸ்டட்' போய் 'இன்' கையைப் பிடிக்க வேண்டும், 'ப்ளீஸ்ட்' போய் 'வித்' கையை. தப்பான கையைப் பிடித்தால் மண்டபமே சிரிக்கும். 'நோன்', 'மேரீட்', 'எங்கேஜ்ட்' மூன்றும் 'டு'வைச் சுற்றி நின்றபோது ஒரு குறும்புக்காரி, "இந்த 'டு'க்கு எத்தனை பொண்டாட்டி டீச்சர்?" என்று கேட்டாள். கூச்சல் கேட்டுத் தலைமையாசிரியையான சிஸ்டரே வந்துவிட்டார். "என்ன டீச்சர் சத்தம்?" என்றார். "கல்யாணம் நடக்குது சிஸ்டர். இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள் பிலோ. சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிப் போனார். கடைசிவரை தான் கல்யாணம் செய்துகொள்ளாதவள் இப்படி எத்தனையோ பேருக்கு நடத்திவைத்தாள்.

நாங்கள் சண்டையும் போட்டோம். 'எனாய்ட்' என்ற சொல்லுக்கு ஆளின் மேல் கோபமென்றால் 'வித்', விஷயத்தின் மேல் என்றால் 'அட்' என்று குழந்தைகளுக்குச் சொல்வோம். அது எங்களுக்குள் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. ஒரு முறை நான் லீவு போட்டதில் அவள் தலையில் என் வகுப்புகளும் விழுந்தன. அன்று முழுக்க அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் என் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். "அட்டுதான்டி, வித்து இல்ல. பயப்படாம போயிட்டு வா" என்றாள். பக்கத்துச் சீட்டு அம்மாள் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

விடைத்தாள் திருத்தும் முகாமில் நடந்ததை அங்கே இருந்தவர்கள் இன்னும் பேசுவார்கள். கொடுத்திருந்த விடைக்குறிப்பில் 'சர்ப்ரைஸ்ட்' என்பதற்கு 'அட்' மட்டும்தான் சரி என்று இருந்தது. குழந்தைகள் பலர் 'பை' எழுதியிருந்தார்கள். 'பை' என்றாலே சீறுகிறவள், அன்று அந்தப் 'பை'க்காக எழுந்து நின்றாள். இரண்டும் சரி, இரண்டுக்கும் மார்க் தர வேண்டும் என்றாள். முகாமின் பொறுப்பாளர், "குறிப்புல இருக்கிறதைப் பார்த்துத் திருத்துங்க, போதும்" என்றார். இவள் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் முந்தானையை இழுத்து, "நமக்கேன்டி வம்பு?" என்றேன். "வம்பு இல்லடி, மார்க்கு" என்றாள். மேலிடத்துக்குப் போன் பேசினார்கள், அகராதியைப் புரட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டுக்கும் மார்க் போடலாம் என்று சொன்னார்கள். ஹாலில் எல்லோரும் கை தட்டினார்கள். திரும்பும்போது பஸ்ஸில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளங்கை சில்லென்று வேர்த்திருந்தது. "என்னடி இது?" என்றேன். "எனக்கு மட்டும் பயம் இருக்காதா?" என்றாள்.

ஓய்வு பெற்ற சில வருஷங்களில் என் ஆத்துக்காரர் போய்விட்டார். பிள்ளை கனடாவில் இருக்கிறான். இவ்வளவு பெரிய வீட்டில் ஒருத்தி என்னத்தைச் செய்ய? மேலப்புதூரில் தனியாக இருந்த பிலோவை, "இங்கே வந்துடேன், மாடி சும்மாத்தானே கிடக்கு" என்று கூப்பிட்டேன். "வரலாம். ஆனா மீன் இல்லாத ஞாயித்துக்கிழமையை என்னால நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது. உன் மாடியில மீன் வறுத்தா உங்க தெருவே என்னைக் காவேரியில தள்ளிடும்" என்றாள். அப்படியாக அவள் அங்கேயே இருந்தாள், நான் இங்கேயே இருந்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போன் வரும். ஹலோ கிடையாது, எப்படி இருக்கே கிடையாது. எடுத்ததும் "டயர்ட்!" என்பது போல ஒரு சொல்லை வீசுவாள். நான் அதற்கு ஏற்ற சொல்லைச் சேர்த்து, அன்று எனக்கு நடந்ததையே ஒரு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். பொய் சொல்லக் கூடாது, அதுதான் விதி. தனியாகச் சாப்பிட்டு அலுத்துப்போயிற்று என்று என் பிள்ளையிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளிடம் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். அவள் உச்சுக் கொட்ட மாட்டாள். "வாக்கியம் சரி. நாளைக்கு வேற சொல்லு" என்பாள். அந்த ஒரு பேச்சில்தான் எனக்கு அந்தந்த நாள் முடிந்தது. இப்போது முடியமாட்டேன் என்கிறது.

சர்ச்சில் அவளுடைய முப்பதாம் நாள் பூசைக்கு முன் அருள் ஸ்ரீரங்கத்துக்கு வந்தான். ஆங்கிலப் பத்திரிகையில் அஞ்சலி விளம்பரம் தரப்போகிறார்களாம். போனை என்னிடம் நீட்டினான். "கொஞ்சம் பார்த்துக் கொடுங்க ஆன்ட்டி. தப்பு இருந்துச்சுன்னா அத்தை எழுந்து வந்து காதைத் திருகுவாங்க" என்றான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தேன். கடைசியில் 'சர்வைவ்ட் பை' என்று வழக்கமான வரி இருந்தது. இறந்தவர் விட்டுச் சென்றவர்களைச் சொல்லும் வரி. அருள், அவன் மனைவி, குழந்தைகள், பெங்களூரில் இருக்கும் அவளுடைய இன்னொரு அண்ணன் குடும்பம். ஒரு தப்பும் இல்லை. "சரியா இருக்குப்பா" என்று கொடுத்துவிட்டேன். அவன் காபியைக் குடித்துவிட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அந்த வரியில் எனக்கு இடமில்லை, யார் மேலும் குற்றமுமில்லை. ஆனால் அவன் படியிறங்கிவிட்டால் நான் அவளுக்கு யாருமில்லை என்று அச்சிலேயே வந்துவிடும்.

"அருள், நில்லு. என் பேரையும் போடு" என்றேன்.

அவன் பதறிவிட்டான். "ஐயோ சாரி ஆன்ட்டி, எனக்குத் தோணவே இல்ல. நீங்க அத்தைக்கு என்ன வேணும்னு போடறது? ஃப்ரண்டுன்னு போடவா, கொலீக்னு போடவா?"

"ஒண்ணும் போட வேண்டாம். பேரு மட்டும் போடு. போதும்."

தலையாட்டிவிட்டுப் போனில் அழுத்தத் தொடங்கியவன் நிமிர்ந்து, "எப்படி எழுதணும் ஆன்ட்டி, ஸ்பெல்லிங் சொல்லுங்க" என்றான். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அவன் முடித்ததும் வாங்கி ஒரு முறை சரிபார்த்தேன்.

விளம்பரம் வந்த அன்று கடைக்குப் போய்ப் பத்திரிகை வாங்கி வந்தேன். வரிசையில் கடைசியாக, முன்னும் பின்னும் உறவு எதுவும் இல்லாமல், என் பெயர் இருந்தது. எனக்கு உரியதை வாய் திறந்து கேட்பது, அதை மட்டும்தான் பிலோவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் கேட்டேன், கிடைத்தது. கூடத்தில் உட்கார்ந்து அந்த வரியை உரக்கப் படித்தேன். "வாக்கியம் சரி" என்று சொல்ல யாருமில்லை.