கொடுக்காப்புளி அட்டிகை

உங்கள் கழுத்தில் கிடக்கிற நகையை முதலில் யோசித்தது யார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? பத்தரைச் சொல்லாதீர்கள், அவர் பொன்னைத் தட்டிச் செய்து கொடுத்தவர். கடைக்காரரையும் சொல்லாதீர்கள், அவர் விற்றவர். அதற்கெல்லாம் முன்னால் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து, இங்கே ஒரு வளைவு, இங்கே ஒரு கல், ஐயோ இது கழுத்தெலும்பில் இடிக்குமே என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார் இல்லையா, அவரைக் கேட்கிறேன். தெரியாதுதானே. காலேஜில் என் பக்கத்து பெஞ்சுக்காரி ஜிமிக்கியை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள், அவளுக்கும் தெரியாது. எனக்கு அப்படி ஒருத்தியைத் தெரியும். என் அத்தை.

அத்தை அப்பாவின் தங்கை. ரங்கூனில் குண்டு விழுந்தபோது கப்பலேறி வந்தவள். ஆபீஸைப் பூட்டிவிட்டு அடுத்த கப்பலில் வருவதாக அத்திம்பேர் சொன்னாராம். அடுத்த கப்பல் வந்தது, அவர் வரவில்லை. பிறகு கப்பலே வரவில்லை. மாட்டுங்காவில் எங்கள் இரண்டு அறை வீட்டில் அப்பா, அம்மா, நான், தம்பி என்று ஏற்கெனவே இடித்துக்கொண்டிருந்தோம். அத்தைக்குச் சமையலறையில் அரிசி டின்னுக்கும் அம்மிக்கும் நடுவில் படுக்கை. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். போட்டுக்கொண்டிருந்த நகையெல்லாம் கப்பல் டிக்கெட்டுக்கே போய்விட்டது.

நகை இல்லாதவளுக்கு நகை பண்ணுகிற பைத்தியம். அப்பா ஆபீஸிலிருந்து கொண்டு வரும் பழைய காகிதங்களின் பின்பக்கமெல்லாம் வளைவும் சுழியுமாக நிரம்பிவிடும். படத்தோடும் விட மாட்டாள். பித்தளைக் கம்பி, அரக்கு, உடைந்த வளையல் துண்டு, சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாள், இவற்றை வைத்து உருவம் பண்ணி என் கழுத்தில் மாட்டிவிட்டு, "ஓடு" என்பாள். ஓடுவேன். "குனிஞ்சு கோலம் போடு." போடுவேன். "இப்போ சாதம் பிசைஞ்சு சாப்பிடு." வெறும் கையைப் பிசைந்து வாயில் வைத்துக்கொள்வேன். நகை எங்கே குத்துகிறது, எங்கே புரள்கிறது என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பாள். எனக்கு அது விளையாட்டு. அவளுக்கு என்ன என்று நான் யோசித்ததில்லை.

ஆண்கள் ஆபீஸ் போன பிறகு மத்தியானங்களில் எங்கள் வீட்டில் ஒரு சபை கூடும். கீழ்வீட்டு மாமி வீணை வாசிப்பாள். எதிர்வீட்டு மாமி பத்திரிகைக்குக் கதை எழுதுவாள். என் கணக்கில் ஒருத்தி வீணை மாமி, இன்னொருத்தி கதை மாமி.

"நேத்திக்கு ராகத்துல புதுசா ஒரு பிடி வந்துது, அப்படியே விரல்ல. ஆத்துக்காரர் வந்து காபி எங்கேன்னார். போயிடுத்து" என்பாள் வீணை மாமி.

"காபியைக் குடுத்துட்டு வந்து தேடறதுதானே?"

"அது என்ன சாவிக்கொத்தா, வெச்ச எடத்துல இருக்க?"

கதை மாமி சிரிப்பாள். "எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. எங்க மாமியாரை மூணு கதையில கொன்னாச்சு. அவருக்குப் படிக்கத் தெரியாது, என்னையே வாசிச்சுக் காட்டச் சொல்றார். கேட்டுட்டு, பாவம்டி அந்தக் கிழவின்னு அழறார்."

அத்தை கம்பியை வளைத்தபடியே சொல்வாள். "உங்க ரெண்டு பேருக்கும் பரவாயில்லை மாமி. வீணை இருக்கு, பேனா இருக்கு. நான் பண்றதுக்குத் தங்கம்னா வேணும்."

ஒரு கோடையில் பள்ளிக்கூட வாசல் கூடைக்காரியிடம் கொடுக்காப்புளி வாங்கி வந்தேன். இந்த ஊரில் விலாயதி இம்லி என்பார்கள். சுருண்ட காய், வெடித்த இடத்தில் சிவப்பு, உள்ளே வெள்ளைச் சதை, அதற்குள் பளபளவென்று கறுப்பு விதை. வாயில் போடப்போன என் கையை அத்தை பிடித்துக்கொண்டாள்.

"இரு, தின்னாதே."

அன்றைக்கு ஆரம்பித்தது. சுருள் சுருளாகப் பித்தளைக் கம்பி, சிவப்புக்கு வளையல் துண்டு, வெள்ளைக்கு வெள்ளித்தாள், விதைக்குக் கறுப்பு அரக்கு. சாதாரண அட்டிகை நடந்தால் புரண்டுவிடும், பின்பக்கம் முன்னால் தெரியும். அத்தை ஒவ்வொரு சுருளையும் அடுத்த சுருளின் இடுக்கில் கோத்தாள். நான் மாடிப்படி இறங்கி ஏறினேன், தலைகீழாக நின்றேன், அது அசையவில்லை. பின்கழுத்தில் கொக்கி விழும் இடத்தில் ஒரு குட்டிச் சுருளைத் தனியாகத் தொங்கவிட்டாள்.

"அங்க யார் பாக்கப் போறா?" என்றேன்.

"ரயில்ல லேடீஸ் டப்பால நிக்கறச்சே எல்லாரும் எல்லாரோட முதுகையும்தானேடி பாக்கறா. கொண்டைக்குக் கீழே எவ்வளவு எடம் சும்மா கெடக்கு."

வீணை மாமி அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். "கொடுக்காப்புளியைக் கழுத்துல கட்டிக்கறதாவது" என்று கேலி பண்ணிக்கொண்டே சாயங்காலம் வரை கழற்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் டிராயிங் மிஸ் வீட்டுக்கு வந்தார். பார்ஸிக்காரர், பக்கத்திலேயே தாதரில் வீடு. அத்தை பண்ணின தோட்டை நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, யார் பண்ணினது என்று கேட்டுக்கொண்டே வந்துவிட்டார். அவர் அண்ணன் மனைவிக்குக் கோட்டைப் பக்கம் நகைக்கடை. டிசைன் போட ஒரு பெண்பிள்ளையைத் தேடுகிறாளாம், மாசச் சம்பளமாம். படம் போதாது, புதிதாக ஒன்றைச் செய்து கையில் கொண்டு வந்து காட்ட வேண்டும் என்றார். விஜயதசமி கழித்து அட்டிகையோடு வருவதாக அத்தை சொன்னாள்.

அன்று வீணை மாமியிடம் அத்தை மெதுவாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது. "வேலை கெடைச்சா தாதர்ல ஒரு ரூம் பாத்துக்கலாம் மாமி. ஜன்னல் இருந்தா போறும்." எனக்கு அழுகையாக வந்தது. அத்தை போய்விட்டால் யார் என்னை ஓடு, குனி என்று சொல்வார்கள்?

நவராத்திரி வந்தது. அம்மாவின் நகைகளை அந்த வருஷம் அடகிலிருந்து மீட்கவில்லை. கலசத்துக்குப் பட்டுப் பாவாடை கட்டி, பூ வைத்து, கழுத்து மூளியாக நின்றது. "உன்னோட அட்டிகையைப் போடேன், பத்து நாள்தானே, அம்பாள் போட்டுண்டா உனக்கும் நல்லது" என்றாள் அம்மா. அத்தைக்கும் ஆசைதான். கலசத்தின் கழுத்தில் சிவப்பும் வெள்ளையுமாக அது ஏறியபோது, வந்தவர்கள் பொம்மைகளை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள். குங்குமச் சிமிழை அம்மா வைத்துக்கொண்டாள், சந்தனக் கிண்ணத்தை அத்தையிடம் கொடுத்தாள். வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன்.

சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம் சேட்டாணி வந்தாள். எங்கள் கட்டடத்துக்கே சொந்தக்காரியம்மா. அவள் வீட்டுக்காரருக்கு ஜவேரி பஜாரில் நகைக்கடை. வருஷா வருஷம் அம்மா அழைப்பாள், அவள் வந்ததே இல்லை. அந்த வருஷம் சேட் இரண்டு தடவை படியில் அப்பாவை நிறுத்தி, வீட்டில் ஆள் ஜாஸ்தியாகிவிட்டதே என்று கேட்டிருந்தார். ஆகவே சேட்டாணி உள்ளே காலை வைத்ததும் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சேட்டாணி நேராகக் கலசத்திடம் போனாள். "அரே, யே ஹார் கித்னா சுந்தர் ஹை" என்று அட்டிகையின் அழகில் அசந்துபோனாள். அம்மாவின் ஹிந்தி காய்கறிக்காரனோடு சண்டை போட மட்டும் காணும். "கர் மே... ஹம்... பனாயா" என்று, வீட்டிலேயே பண்ணினது என்பதைத் தையலே இல்லாத துணி மாதிரி ஏதோ சொன்னாள்.

வந்த சுமங்கலிக்குத் தாம்பூலத்தோடு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுக்க வேண்டும். யுத்த காலத்தில் துணி கிடைப்பதே கஷ்டம், வாங்கி வைத்திருந்த துண்டுகள் தீர்ந்துவிட்டன. சாதாரண மாமிகளுக்குச் சீப்பும் கண்ணாடியும் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தாள். கட்டடத்துக்காரிக்குச் சீப்பா? அம்மா தட்டில் வெற்றிலை, மஞ்சள், தேங்காய் எல்லாம் அடுக்கினாள். ஒரு நிமிஷம் தட்டைப் பார்த்தாள். பிறகு கலசத்தின் பக்கம் திரும்பி, அட்டிகையைக் கழற்றித் தட்டில் வைத்தாள்.

அத்தை சந்தனக் கிண்ணத்தோடு நாலடி தூரத்தில் நின்றிருந்தாள். அம்மா அவளைப் பார்த்து, "அம்பாள் குடுத்ததா இருக்கட்டும், இல்லையா?" என்றாள். அத்தை தலையை ஆட்டினாள். சேட்டாணி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவள் போனதும் அத்தையின் புடவையை இழுத்தேன். "நான் போய்க் கேட்டு வாங்கிண்டு வரட்டுமா?"

"வெச்சுக் குடுத்ததைத் திரும்பக் கேக்கப்படாது. போய் சுண்டல் சாப்பிடு."

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஜிகினாதானேடி. இன்னொண்ணு பண்ணிடேன்."

"பண்ணிக்கறேன் மன்னி."

பண்ணினாள். ஆனால் பித்தளைக் கம்பி கிடைக்கவில்லை, யுத்தத்துக்கே எல்லாம் போய்க்கொண்டிருந்தது. நானும் தம்பியும் தெருத்தெருவாக உடைந்த வளையல் பொறுக்கினோம். எங்கிருந்தோ கம்பி வந்து, அரக்கு காய்ந்து, எல்லாம் முடிவதற்குள் தீபாவளியும் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டிகையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு அத்தை என்னையும் அழைத்துக்கொண்டு மிஸ் வீட்டுக்குப் போனாள். போகும்போது வேகமாக நடந்தாள். நான் ஓட வேண்டியிருந்தது.

மிஸ்ஸின் அண்ணன் மனைவி அங்கே உட்கார்ந்திருந்தார். அத்தைக்கு ரங்கூன் ஹிந்துஸ்தானி நன்றாக வரும், பேச்செல்லாம் அதில்தான். நான் நம் பாஷையில் சொல்கிறேன். அந்த அம்மாள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்துப் புரட்டினார். பிறகு, "இதை ஜவேரி பஜாரில் தீபாவளிக்குப் பார்த்தேனே. கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள், தங்கத்தில்" என்றார்.

அத்தைக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும், "இது என்னோடது" என்றாள்.

"உன் கைவேலை நன்றாக இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் கடைக்கு டிசைன் சொந்தமாக வேண்டும்."

"அத்தை பண்ணினதுதான். கொடுக்காப்புளி நான் வாங்கினது" என்று நான் பள்ளிக்கூட ஹிந்தியில் கத்தினேன். அந்த அம்மாள் என் பக்கம் பிஸ்கட் தட்டை நகர்த்தினார்.

"உன்னுடையதென்றால் அந்தக் கடைக்கு எப்படிப் போயிற்று?"

"எங்கள் வீட்டுக்கு வந்த அந்தச் சேட்டின் மனைவிக்கு என் மன்னி வெற்றிலை பாக்கோடு கொடுத்துவிட்டாள்."

"வெற்றிலை பாக்கோடா? மாதிரி நகையையா?"

"வைத்துக் கொடுக்க வீட்டில் துணி இல்லை."

அந்த அம்மாள் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் ஜன்னலைப் பார்த்தார். "சரி, அன்றைக்கே போய்த் திரும்ப வாங்கியிருக்கலாமே?" என்று அந்த அம்மாளே கேட்டார்.

அத்தை என்னவென்று சொல்வாள்? "எங்களில் அது வழக்கமில்லை" என்றாள். அவள் காதுக்கே அது பொய் மாதிரி கேட்டிருக்கும். வேறு ஏதாவது புதிதாகப் பண்ணினால் கொண்டு வா என்று அந்த அம்மாள் மரியாதையாகத்தான் சொன்னார். அத்தை சரி என்று எழுந்துகொண்டாள். வரும் வழியில் மெதுவாக நடந்தாள். நான் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு முன்னால் போனேன்.

சேட்டாணியைத் திட்டலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. அழகாக இருக்கிறதே என்று புருஷனிடம் காட்டியிருப்பாள், அவர் ஆளை வைத்துப் பண்ணியிருப்பார். தீபாவளிக்கு எங்களுக்கு ஒரு டப்பா மிட்டாய் அனுப்பியிருந்தாள். ஆள் ஜாஸ்தி என்ற பேச்சும் அதோடு நின்றுபோனது. அம்மா அதிலிருந்து அத்தைக்கு முதலில் காபி கலந்து கொடுக்க ஆரம்பித்தாள், தினமும். அத்தை வேறு எதையும் பண்ணவில்லை. பழைய காகிதத்தின் பின்பக்கங்களில் தம்பி கணக்குப் போட்டான். வீணை மாமி வந்து கிண்டிப் பார்ப்பாள். "என்னடி, கை சும்மா இருக்கு?" "இருக்கட்டும் மாமி."

அடுத்த வருஷம் மாட்டுங்கா ஸ்டேஷனில் ரயிலேறினோம். லேடீஸ் டப்பாவில் எங்களுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு புதிதாகக் கல்யாணமான ஒரு பெண் நின்றாள். கழுத்தில் கொடுக்காப்புளி, அசல் தங்கம். குட்டிச் சுருள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கொக்கி. தங்கம் மிச்சம் பிடித்திருந்தார்கள். சுருள்களைக் கோக்காமல் சாதா வளையத்தில் இணைத்திருந்ததால் அட்டிகை புரண்டு கிடந்தது. அத்தை கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டி, அந்தப் பெண்ணின் கழுத்தில் அதை நேராகத் திருப்பிவிட்டாள். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"பெரண்டுண்டிருந்துதும்மா."

"தாங்க்ஸ் மாமி. எப்பவும் இப்படித்தான் படுத்தறது" என்றாள் அந்தப் பெண்.

முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் இந்த அத்தை ஏன் வேலை செய்கிறாள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

என்னோடது என்ற வார்த்தையை அத்தை வாயிலிருந்து நான் கேட்டது அந்தப் பார்ஸி வீட்டில் ஒரே ஒரு தடவைதான். எங்கள் வீட்டில் தட்டைப் பார்த்தோ, டம்ளரைப் பார்த்தோ, படுக்கிற இடத்தைப் பார்த்தோ கூட அவள் அப்படிச் சொன்னதில்லை. கலசத்திலிருந்து அட்டிகை இறங்கியபோது அதைச் சொல்லியிருந்தால் அம்மா கையை எடுத்திருப்பாள், நிச்சயமாக எடுத்திருப்பாள். அத்தைக்குத் தாராள மனசு, அதனால்தான் சொல்லவில்லை என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் எல்லாரிடமும் சொன்னேன்.

அத்தை இப்போது செம்பூரில், சிந்தி அகதிகள் முகாமில், தையல் சொல்லிக் கொடுக்கிறாள்.