நீலக் கதவுக்குப் புது பெயிண்ட்

பெங்களூர் மர்பி டவுனில் ஒரு வீட்டுக் கதவுக்கு யாரோ புது பெயிண்ட் அடித்திருந்தார்கள். செய்தி அவ்வளவுதான். எங்கள் ரசிகர் குழுவில் அந்தப் படம் வந்த சனிக்கிழமை காலை, நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் ஷூட்டிங் ஆரம்பித்துவிட்டது என்று அங்கே முடிவே கட்டிவிட்டார்கள்.

நாங்கள் காத்திருந்தது ஒரு துப்பறியும் தொடருக்காக. ஒக்கலிபுரத்தில் தனியாக வாழும், ஓய்வு பெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகர்தான் அதில் துப்பறிவார். எல்லோரும் அவரை மேடம் என்பார்கள். சந்தேகப்படும் ஆளிடம் "அந்த நேரத்தில் எங்கே இருந்தீங்க?" என்று அவர் கேட்கவே மாட்டார். "எப்படி வந்தீங்க?" என்பார். பஸ்ஸா, ஆட்டோவா, எங்கே இறங்கினீர்கள், மழை இருந்ததா. பொய் சொல்கிறவர்கள் இருந்த இடத்தைப் பற்றி நன்றாகத் தயாரித்து வைத்திருப்பார்கள். வந்த வழியைத் தயாரிக்க மறந்துவிடுவார்கள்.

கடைசியாக ஒளிபரப்பான பகுதியில், ஒரு நீலக் கதவின் முன் நிற்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் மேடம் கேட்கிறார்: "அன்னைக்கு இங்கே வந்தவர் எப்படி வந்தார்?" அந்தப் பெண் வாயைத் திறக்கிறார். அத்தோடு பகுதி முடிந்தது. அடுத்த ஞாயிறு அந்த நேரத்தில் சமையல் போட்டி வந்தது. சேனல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மென்பொருளில் பிழை பார்ப்பது என் வேலை. யார் எதைச் சொன்னாலும் நம்பாமல் இருப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் இருந்த பி.ஜி. விடுதியின் சாப்பாட்டு அறையில், சேலத்துக்காரியான என் ரூம்மேட்டும் நானும் அந்தத் தொடரை விடாமல் பார்த்தோம். கடைசி விளம்பர இடைவேளைக்கு முன் குற்றவாளி யாரென்று சொல்லிவிட வேண்டும். தப்பாகச் சொன்னவள் இரண்டு தட்டையும் கழுவ வேண்டும். பெரும்பாலும் நான்தான் கழுவினேன். எல்லோரையும் சந்தேகப்பட்டால் ஒருவரைக் காட்டுவது கஷ்டம்.

தொடர் நின்றபின், அது மறுபடி வரப்போகிறது என்பதற்கான அடையாளங்கள் குழுவில் வர ஆரம்பித்தன. மேடமாக நடித்தவர் தொடரில் போட்ட அதே மூக்குக் கண்ணாடியோடு ஒரு கல்யாணத்துக்குப் போனார். ஒக்கலிபுரத்தில் படப்பிடிப்பு ஜெனரேட்டர் வண்டி நிற்கிறது என்றார் ஒருவர். ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளில் போட்டுப் பார்ப்பேன். முதலில் சொன்னது யார்? அவர் தன் கண்ணால் பார்த்தாரா? தொடர் வராமலே போனாலும் இது நடந்திருக்குமா? மூன்றாவது கேள்வியில் எல்லாம் செத்துவிடும். கண்ணாடி அந்த அம்மாவின் சொந்தக் கண்ணாடி. வண்டி ஒரு கோயில் திருவிழாவுக்கு வந்தது.

கதவு மட்டும் சாகவில்லை. தொடரில் அந்தக் கதவின் தபால் துளையைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் இருந்தது. கலைப் பிரிவு ஆட்கள் வரைந்ததாகத்தான் இருக்க வேண்டும், அவ்வளவு அசிங்கமான கட்டத்தை யாரும் ஆசைப்பட்டு வரையமாட்டார்கள். புதுப் படத்தில் அதே நீலம், அதே கட்டம். பழைய படமோ என்று பார்த்தேன். சுவரில் தொடரில் இல்லாத இணையக் கம்பி ஒன்று ஓடியது. புதிதுதான். அப்படியானால் இது தொடரை எடுத்த கம்பெனியே கசியவிட்ட விளம்பரமா? படத்தைப் போட்டவர் நிஜமான ரசிகர்தானா? அவர் குழுவில் சேர்ந்தே கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

"நேர்ல போய் பாத்துடலாம்" என்றாள் ரூம்மேட். ஞாயிற்றுக்கிழமை லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு தயாராக நின்றாள்.

"இது எதுக்குடி?"

"கூட்டத்துல நிக்க ஆள் வேணும்னு கூப்பிட்டா?"

"கூட்டத்துல நிக்கறவளோட உதடு எந்தக் கேமராலயும் தெரியாது."

"உன்ன மாதிரி சந்தேகப் பேயோட ரூம்ல இருக்கறதுக்கு எனக்கு ஒரு அவார்டு குடுக்கணும்."

மார்க்கெட்டில் பஸ் மாறி, அல்சூரில் இறங்கி மர்பி டவுனுக்கு நடந்தோம். சந்துக்குள் திரும்பியதும் பெயிண்ட் வாசனை வந்தது. கதவைப் பார்ப்பதற்கு முன் அங்கே நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டோம். ஐம்பது வயது இருக்கும். மஞ்சள் கரை போட்ட அரக்குப் புடவை. கடைசிப் பகுதியில் வாயைத் திறந்த அதே பெண், அதே புடவையில். ரூம்மேட் என் முழங்கையை நசுக்கினாள்.

அவர் எங்களை முந்திக்கொண்டார். "கம்பெனிலேர்ந்தா? வாங்கம்மா, வாங்க. நேத்தே வருவீங்கன்னு பாத்துனு இருந்தேன். எப்ப ஷூட்டிங்?"

"அதக் கேக்கத்தான் ஆன்ட்டி நாங்க வந்தோம்" என்றாள் ரூம்மேட்.

அவர் முகம் மாறியது. எங்களைச் செருப்பிலிருந்து தலைமுடிவரை ஒருமுறை பார்த்தார். "அப்ப நீங்க கம்பெனி இல்லியா? சும்னே வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

உள்ளே இருந்து அவர் மகன் எட்டிப் பார்த்தான். என் வயதுதான் இருக்கும். "இன்னொரு பார்ட்டியா? போன வாரம் மூணு பேரு. எங்கம்மா ஸ்டார் ஆயிட்டாங்க, டிக்கெட் போட்டுடலாம்."

தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே அந்த வீட்டின் சண்டை எங்களுக்கும் தெரிந்துவிட்டது. மகன் வேறொருவரின் கடையில் மொபைல் ரிப்பேர் பார்க்கிறான். இந்த முன்னறையைக் கடையாக்கிச் சொந்தமாகத் தொழில் தொடங்க வேண்டும். அதற்குக் கதவைப் பிடுங்கி ஷட்டர் போட வேண்டும். அம்மா விடவில்லை.

"ஷட்டர்காரன் ரெண்டு தபா வந்து திரும்பிட்டான். இனிமே கூப்ட்டா வரமாட்டேன்றான். எனக்கு பேஜாரா கீது" என்றான் எங்களிடம், ஏதோ நாங்கள் நீதிபதிகள் போல.

"டேய், அந்தத் தம்பி சொல்லிட்டுப் போனாரா இல்லியா?" என்றார் அம்மா. தம்பி என்றால் படப்பிடிப்பில் இருந்த உதவி இயக்குநர். "கதவு, புடவ, முடி, எதையும் மாத்தாதீங்கக்கா, கன்டினியூட்டி போயிடும்னாரு. அடுத்த தபா வரச்சொல்ல எல்லாம் அப்படியே இருக்கணும்னாரு. நான் தலைக்கு மை கூட அடிக்கல பாரு."

கன்டினியூட்டி என்பது சினிமாக்காரர்களின் ஒழுங்கு. இன்று எடுக்கும் காட்சியும் என்றோ எடுக்கப்போகும் அடுத்த காட்சியும் ஒரே நிமிடம் போலத் தெரிய வேண்டும். இவர் தன் வீட்டையும் தன்னையும் அந்த ஒரு நிமிடத்திலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

"மறுபடி ஆரம்பிக்குதுன்னு உங்களுக்கு யார் சொன்னா ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"போன வாரம் வந்த பசங்கதான். ஆரம்பிக்குது, கன்ஃபார்முன்னு அடிச்சி சொன்னாங்க. கதவு வெளுத்துப்போயி கிடந்துச்சே, அதான் அதே கலர் தேடி வாங்கியாந்தேன்."

அந்தப் பையன்களுக்கு யார் சொன்னது? போனை எடுத்துக் குழுவில் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். 'அந்த வீட்டுக்காரங்களே கம்பெனி வருதுன்னு சொல்றாங்க' என்ற ஒரு வரியை நம்பி அவர்கள் வந்திருந்தார்கள். அதை எழுதியவர் அதற்கு முன் ஒரு நாள் இங்கே வந்து இந்த அம்மாவோடு பேசியிருந்தார்.

"கம்பெனி வருதுன்னு உங்ககிட்ட சொன்னது எப்போ?"

"அதான் கடைசி நாளு. லைட்டெல்லாம் வண்டில ஏத்தச்சொல்ல."

எங்கள் வேலையில் இப்படி ஒரு கோளாறு உண்டு. இரண்டு நிரல்கள், ஒன்றின் பதிலுக்காக மற்றொன்று காத்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஓடிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். ரசிகர்கள் இவரை நம்பினார்கள், இவர் ரசிகர்களை நம்பினார். கம்பெனி இதில் எங்குமே இல்லை.

ரூம்மேட் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லாதே என்று தொடையில் கிள்ளினாள். நான் சொல்லிவிட்டேன். முடிந்தவரை மெதுவாகத்தான் சொன்னேன். மகன் முகத்தில் இருந்த சிரிப்புப் போய்விட்டது.

அம்மா மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவன் உங்கள செட் பண்ணி கூட்டினு வந்தானா?"

"ம்மா! இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

"நீ சும்மா இரு." என் பக்கம் திரும்பினார். "எப்படி வந்தீங்க?"

தொடரில் எத்தனையோ பேர் அந்தக் கேள்விக்குத் திணறியதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். உண்மையைச் சொல்லும்போதும் நாக்கு தடுமாறும் என்று அன்றுதான் தெரிந்தது. எந்த பஸ், எங்கே மாறினோம், எந்தப் பக்கமாகச் சந்துக்குள் வந்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டார்.

"அவங்க வரமாட்டாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அது எனக்குத் தெரியாது ஆன்ட்டி. வர்றதா இதுவரைக்கும் யாரும் சொல்லல. அது மட்டும்தான் தெரியும். அந்தத் தம்பியோட நம்பர் இருக்கா?"

இருந்தது. ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லையாம். வேலையாக இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாதாம். மகன் எண்ணைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார்.

"எந்த வீடுக்கா? ஆ, நீலக் கதவு! நல்லா இருக்கீங்களா? ஐயோ, அது அப்பவே நின்னுபோச்சேக்கா. யாரும் சொல்லலியா? நான் இப்ப விளம்பரப் படத்துல இருக்கேன்."

"எதையும் மாத்தாதீங்கன்னு சொன்னீங்களே தம்பி."

"அது எல்லார்கிட்டயும் சொல்றதுதான்கா" என்றார்.

பேசி முடிந்ததும் அம்மா புடவைத் தலைப்பால் கதவின் கைப்பிடியைத் துடைத்தார். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. "ஷட்டர்காரன கூப்புடுறா" என்றார். மகன் உடனே கூப்பிடவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ரூம்மேட்டால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "ஆன்ட்டி, நீங்க வாய தொறந்தீங்களே, அதுக்கு என்ன டயலாக் குடுத்தாங்க?"

"ஒண்ணும் குடுக்கல கண்ணு. வாய தொறந்தபடி நில்லுங்க, டயலாக் அடுத்த தபான்னுட்டாங்க." சட்டென்று தலையைத் தூக்கினார். "ஆனா என்ன சொல்லணும்னு நான் யோசிச்சி வெச்சிருக்கேன்."

நிமிர்ந்து கதவருகே நின்றார். ஒரு கை நிலைச்சட்டத்தில், தலைப்பு தோளில், கடைசிக் காட்சியில் நின்ற மாதிரியே. "யாராச்சும் கேளுங்க."

மகன்தான் கேட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடம் மாதிரியே குரலை இழுத்து, "அன்னைக்கு இங்கே வந்தவர் எப்படி வந்தார்?"

"அவரு வரவே இல்லீங்க மேடம். மொதல்லேர்ந்து உள்ளதான் இருந்தாரு."

எங்கள் குழுவில் அந்த ஆள் ஆட்டோவில் வந்தானா, பைக்கில் வந்தானா, பின்சுவர் ஏறி வந்தானா என்று ஓயாமல் சண்டை போட்டிருக்கிறோம். அந்த வீட்டுக்குள்ளேயே இருந்த ஒருவரை யாருமே, நானும்கூட, சந்தேகப்படவில்லை.

"இன்னைக்கு ரெண்டு பேருமே தட்டு கழுவணும்டி" என்றாள் ரூம்மேட், சின்னக் குரலில்.

திரும்பும் பஸ்ஸில் குழுவுக்கு எழுதினேன்: 'ஷூட்டிங் இல்லை. கதவுக்கு வீட்டுக்காரரே பெயிண்ட் அடித்திருக்கிறார். உதவி இயக்குநரிடமே கேட்டாகிவிட்டது.' டோல்கேட் தாண்டுவதற்குள் பதில்கள் வந்துவிட்டன. 'உங்களுக்கு மட்டும் எப்படி அவர் நம்பர் கிடைத்தது?' 'விஷயம் வெளியே போய்விட்டதென்று கம்பெனி உங்களைப் பேச வைக்கிறதா?' ஒருவர் என் பழைய செய்திகளையெல்லாம் தோண்டி, எந்த நல்ல செய்தி வந்தாலும் அதைக் கொல்வது நான்தான் என்று நிரூபித்திருந்தார். அவர் சொன்னது சரிதான், அதனால் பதில் எழுதவில்லை.

அடுத்த மாதம் இன்னொரு படம் வந்தது. அதே வீடு, கதவு இருந்த இடத்தில் ஷட்டர். 'புது சீசனுக்கு செட்டை மாற்றுகிறார்கள்!' என்று குழு துள்ளியது. இந்தமுறை எனக்கு எல்லாம் தெரியும். அப்படியும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே பின்சுவரில் நீலக் கதவு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கீறல் விழாமல் இருக்க மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தார்கள். தாளுக்குள் அந்தச் சிவப்புக் கட்டம் தெரிந்தது.

கடைக்குள் வைத்துக்கொள்ள அவ்வளவு பெரிய கதவு எதற்கு? மறுபடி வருவதாக யாராவது சொல்லியிருப்பார்களோ? ரூம்மேட்டை எழுப்பிக் காட்டினேன்.